திரூர்குப்பத்து நெல்லும் சிகரெட் கம்பெனியின் காப்புரிமையும்

சோழவரத்திலிருந்து தென்மேற்கே, செவ்வாப்பேட்டையை ஒட்டித் திரூர் என்ற ஊர் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான். அங்கே உருவாகும் ரகங்களுக்கு டி.கே.எம். என்று பெயர் வைப்பார்கள். திரூர்குப்பம் என்பதன் சுருக்கம் அது. டி.கே.எம். 9-ஐ எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோருக்கும் தெரியும். சிவந்த குண்டு அரிசி. 2015-ல் வந்த டி.கே.எம். 13 சன்ன ரகம். ஆனால் திரூர்குப்பத்திலிருந்து கிளம்பி உலகம் சுற்றியது டி.கே.எம். 6.

1950களில் வந்த நெல் அது. ஜி.இ.பி. 24-ஐயும் கோ 18-ஐயும் ஒட்டுச் சேர்த்துக் கிடைத்தது. ஜி.இ.பி. 24-க்கும் ஒரு கதை உண்டு. கோணாமணி நெல்லுக்கு நடுவே தானாக மாறி நின்ற ஒன்றைக் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிரித்தெடுத்து, 1921-ல் வெளியிட்டார்கள். கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட் என்ற பதவியின் முதலெழுத்துகளைப் பெயராக ஒட்டிவிட்டார்கள். ஜனங்கள் அதைச் சட்டைசெய்யாமல் கிச்சிலிச் சம்பா என்றே சொன்னார்கள்.

டி.கே.எம். 6-க்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கி ஒட்டுச் சேர்த்தது. 1969-ல் வெளிவந்த ஐ.ஆர். 20-க்கு டி.கே.எம். 6 நேரடிப் பெற்றோர். தமிழ்நாட்டில் ‘ஐயார் இருபது’ என்று கேள்விப்படாத விவசாயி கிடையாது. அதில் பாதி திரூர்குப்பம் என்று தெரிந்தவர் கொஞ்சம். 1976-ல் வந்த ஐ.ஆர். 36, 1980களில் ஏறத்தாழ 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. அதன் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. பாக்டீரியா இலைக்கருகலைத் தடுக்கும் எக்ஸ்.ஏ.4 என்ற மரபணுவை அடையாளம் கண்டபோது, அது இருந்த நெல்களில் ஒன்று டி.கே.எம். 6.

இதற்கெல்லாம் காப்புரிமை என்ற பேச்சே எழவில்லை. இதை ஏமாந்த கதையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் கொடுத்த மாதிரியே ஐ.ஆர். 8-ஐயும் ஐ.ஆர். 20-ஐயும் காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டோம். அன்று நெல் அப்படித்தான் நாடு விட்டு நாடு போனது. இதை நான் சொல்வதற்குக் காரணம் என் பிழைப்பு. நான் காப்புரிமை முகவர். சோழவரத்தில் குடியிருந்து, கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நெல்லில் மரபணு ஏற்றும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவி. நெல் எப்போது காகிதத்துக்குள் வந்தது என்ற கேள்வி இரண்டு வேலையிலும் என் கூடவே வந்தது.

அந்தக் காகிதக் கதையின் நாயகன் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா, அக்ரோபாக்டீரியம். ரோஜா, திராட்சை, ஆப்பிள் போன்ற செடிகளில் வேரும் தண்டும் சேரும் இடத்தில் கழலை கட்டும் நோய்க்கு இதுதான் காரணம் என்று 1907-ல் அமெரிக்காவின் எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் நிறுவினார்கள். பாக்டீரியாவைக் கொன்ற பின்பும் கழலை ஏன் வளர்கிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1974-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் ஷெல் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அந்த பாக்டீரியாவில் ஒரு பெரிய வளைய டி.என்.ஏ.வைக் கண்டார்கள், அதற்கு டிஐ பிளாஸ்மிட் என்று பெயர். 1977-ல் மேரி-டெல் சில்டன் குழு, அந்த வளையத்தின் ஒரு துண்டு செடியின் செல்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பதைக் காட்டியது. செடிக்குள் தன் மரபணுவைக் கொண்டுபோய் வைக்கும் உயிர் அது. கழலை கட்டும் மரபணுவை வெட்டி எறிந்துவிட்டு, அங்கே நமக்கு வேண்டியதை வைத்தால்? 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த ஒரே கூட்டத்தில் சில்டன் குழுவும், மான்சான்டோவும், கெண்ட்-கொலோன் குழுவும் அதைச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். காப்புரிமைச் சண்டையும் பிறந்துவிட்டது. யார் முதலில் என்ற அந்தச் சண்டையில் மான்சான்டோவும் கொலோன் குழுவின் மேக்ஸ் பிளாங்க் தரப்பும் 2005-ல்தான் சமாதானமாகின.

ஆனால் அது எல்லாமே புகையிலை, தக்காளி, பருத்தி போன்ற இருவித்திலைச் செடிகளின் கதை. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றை இந்த பாக்டீரியா சீண்டுவதில்லை. புகையிலைச் செடியில் காயம் பட்டால் அசிட்டோசிரிங்கோன் என்ற பொருள் கசியும். அதன் வாடை பட்டுத்தான் பாக்டீரியா தன் மரபணுக்களை விழிக்க வைக்கிறது என்று 1985-ல் ஸ்டாச்செலும் தோழர்களும் கண்டுபிடித்தார்கள். புல்லினத்துக்கு அப்படிப்பட்ட காயக் கசிவு பெரிதாக இல்லை. ஆகவே தானியக்காரர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். செல்லின் சுவரைக் கரைத்து டி.என்.ஏ.வை நுழைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சான்ஃபோர்டு குழு துப்பாக்கி மருந்தால் உலோகத் துகளைச் சுட்டு வெங்காயத்துக்குள் டி.என்.ஏ.வை இறக்கியது.

இதற்கிடையே டொலிடோ பல்கலைக்கழகத்தின் கிரேவ்ஸும் கோல்ட்மேனும் முளைத்த மக்காச்சோள நாற்றில் காயம் செய்து பாக்டீரியாவைத் தடவி, பாக்டீரியாவின் மரபணு செடியில் வேலை செய்ததற்கு அறிகுறி கண்டதாக 1986-ல் எழுதினார்கள். 1993-ல் அதற்கு இரண்டு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன. ஒன்று மக்காச்சோளத்துக்கு, மற்றொன்று புல்லினம் முழுவதற்கும். இன்றைக்கு அந்த இரண்டாவதைப் படித்தால், சோதனை சின்னது, கேட்ட நிலம் பெரியது என்று என் தொழில்புத்தி சொல்கிறது. புல்லினத்தைக் குறிக்கும் ‘கிராமினே’ என்ற ஒரே சொல்லுக்குள் நெல், கோதுமை, கரும்பு, மூங்கில் எல்லாம் அடக்கம். விளைந்து விதை கட்டிய ஒரு நெற்பயிரைக்கூட அவர்கள் காட்டவில்லை. தனக்குத் தெரிந்ததைவிட அதிகம் கேட்பதுதான் க்ளைம், அதாவது உரிமைக் கோரிக்கை, எழுதுபவரின் கலை. நானும் அதைத்தான் செய்து சோறு சாப்பிடுகிறேன் என்பதால் இதற்குமேல் குறை சொல்ல வாயில்லை.

உண்மையில் கதவைத் திறந்தது ஒரு சிகரெட் கம்பெனி. ஜப்பான் டொபாக்கோ 1985 வரை அரசின் புகையிலை, உப்பு ஏகபோகமாக இருந்து, பிறகு பங்கு நிறுவனமானது. ஷிசுவோகா மாகாணத்தில் அதற்கு ஒரு பயிர் ஆய்வுக்கூடம் இருந்தது. புகையிலையும் அக்ரோபாக்டீரியமும் சோதனைக்கூடத்தில் பிறந்ததிலிருந்தே ஜோடி. அதனால் சிகரெட்காரர்களுக்கு இந்த பாக்டீரியா பழக்கம்தான். அங்கே ஹியேய், ஓஹ்தா, கோமாரி, குமாஷிரோ நால்வரும் 1994-ல் வெளியிட்ட கட்டுரை, ஜப்பானிய நெல் ரகங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து முப்பதுவரை வெற்றி என்று கணக்குக் காட்டியது. செடி வளர்ந்தது, விதை கட்டியது, மரபணு அடுத்தடுத்த தலைமுறைக்குப் போனது. 1997 ஜனவரியில் அமெரிக்கா அவர்களுக்கு ‘ஒருவித்திலைத் தாவரங்களை மாற்றும் முறை’ என்ற காப்புரிமையைக் கொடுத்தது, எண் 5,591,616. 1996-ல் அதே கம்பெனி மக்காச்சோளத்திலும் செய்து காட்டிவிட்டது.

அந்தக் காப்புரிமையில் மந்திரம் எதுவும் இல்லை. சமையல் குறிப்புப் போலத்தான் இருக்கும். முற்றிய நெல்லின் உமியை நீக்கி, அரிசியைக் கிருமி நீக்கி, 2,4-டி சேர்த்த ஊடகத்தில் வை. கருவின் ஸ்குட்டெல்லம் என்ற பகுதியிலிருந்து வெளிர்மஞ்சள் காலஸ் பொங்கும். அது வேகமாகப் பிரியும் செல்கூட்டம். அதை பாக்டீரியாக் குழம்பில் நனை. புல் தானே கசியாத அசிட்டோசிரிங்கோனை நீயே ஊடகத்தில் கலந்துவிடு. 25 டிகிரி வெப்பத்தில், இருட்டில், மூன்று நாள். பிறகு செஃபோடாக்சிமில் கழுவி பாக்டீரியாவைக் கொல். ஹைக்ரோமைசின் போட்ட ஊடகத்தில் பிழைப்பது மட்டும் மாறிய செல். இவற்றில் தனித்தனியாகப் புதியது கொஞ்சம்தான். எந்தத் திசுவை எந்த நேரத்தில் எடுப்பது என்பதுதான் புதுமை. க்ளைமும் அதன்மேல்தான் நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. சுவிட்சர்லாந்தின் இங்கோ பொட்ரிகுஸ் 1990-ல் ஒரு நீண்ட மதிப்பீடு எழுதினார். தானியச் செடியின் காயம் இருவித்திலையின் காயம் போல நடந்துகொள்வதில்லை, ஆகவே அக்ரோபாக்டீரியத்தை நம்பிப் பயனில்லை என்பது அவர் வாதம். பத்து வருடம் கழித்து, 2000 ஜனவரியில், அவரும் பீட்டர் பேயரும் வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய தங்க அரிசியை உலகுக்குக் காட்டினார்கள். அதில் மரபணுவை ஏற்றிய வாகனம் அக்ரோபாக்டீரியம்!

நான் இந்த வேலையைச் செய்த காலத்தில் எங்கள் நெல் ஜப்பானிய நெல் இல்லை. இண்டிகா ரகங்களின் காலஸ் பிடிவாதம் பிடிக்கும். பழுப்பேறும், பாக்டீரியா தட்டு முழுக்கப் படர்ந்து மூழ்கடிக்கும், மாறிய காலஸ் கிடைத்தாலும் குருத்து விடாது. காலஸ் பொங்க நாங்கள் மில்லிகிராம் கணக்கில் போட்ட 2,4-டி, வீட்டில் அப்பா வயலில் களைக்கு அடிக்கும் மருந்து. என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்கு விளக்க அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பிடி. காப்புரிமை விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டார்.

“ஏம்மா, நெல்லுக்குப் பட்டா போட்டுட்டானுங்களா?”

“நெல்லுக்கு இல்லப்பா. நெல்லுக்குள்ள போற வழிக்கு.”

“வழிக்கா? வண்டிப்பாதை புறம்போக்காச்சே. அதுக்கு எவன் பட்டா குடுப்பான்?”

சட்டம் படித்த பிறகுதான் அவர் கேள்வியின் பலம் புரிந்தது. இந்தியாவில் அந்த வழிக்கு அப்போது உண்மையிலேயே பட்டா கிடையாது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(ஐ), மனிதருக்கான சிகிச்சை முறைகளைக் காப்புரிமைக்கு வெளியே வைத்தது. அதே வாக்கியத்தில், விலங்குகளையோ தாவரங்களையோ நோயில்லாமல் ஆக்கவோ அவற்றின் பொருளாதார மதிப்பைக் கூட்டவோ செய்யும் முறைகளையும் வெளியே வைத்தது. நெல்லில் மரபணு ஏற்றுவது அந்த வாக்கியத்தில் போய் முட்டும். இன்னொன்று: பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பமாகப் போடும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 1998 டிசம்பர் 7-ஆம் தேதி. ஜப்பான் டொபாக்கோ தன் சர்வதேச விண்ணப்பத்தைப் போட்டது 1993-ல். அந்த விண்ணப்பத்தில் இந்தியாவைக் குறிப்பிடவே வழியில்லை.

2002-ல் சட்டம் திருத்தப்பட்டு 2003 மே மாதம் அமலுக்கு வந்தபோது, 3(ஐ)-யிலிருந்து ‘அல்லது தாவரங்கள்’ என்ற சொற்கள் நீங்கின. அதே திருத்தம் 3(ஜே) என்ற புதுப்பிரிவைச் சேர்த்தது: செடி, விதை, ரகம், அடிப்படையில் உயிரியல் சார்ந்த முறை, எதற்கும் காப்புரிமை இல்லை, நுண்ணுயிர் மட்டும் விலக்கு. ஆக, பாக்டீரியாவால் செடியை மாற்றும் முறைக்கு விண்ணப்பம் போட இடம் திறந்தது. அதிலிருந்து முளைக்கும் செடிக்கு இல்லை. இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பது பருத்தியில்தான் சோதனைக்கு வந்தது. மான்சான்டோவின் பிடி மரபணுக் காப்புரிமையை 2018 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சாட்சியம் கேட்காமல் அப்படி முடிக்கக் கூடாது என்று விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. காப்புரிமைக் காலம் அந்த வருடமே முடிந்தது, கேள்வி முடியவில்லை.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நம் ஊர்க் கருத்தரங்குகளில் ‘அமெரிக்கக் காப்புரிமை நம் கையைக் கட்டிவிட்டது’ என்று பேசாத மேடை குறைவு. ஆனால் அமெரிக்கக் காப்புரிமை அமெரிக்காவோடு சரி. தவிர, இந்தியக் காப்புரிமையே இருந்தாலும் ஆராய்ச்சிக்கும் மாணவருக்குக் கற்பிப்பதற்கும் பிரிவு 47 வழிவிடுகிறது. எங்கள் கையைக் கட்டியது வேறு காகிதம். ஒருநாள் கடல்கடந்து ஓர் உறை வந்தது. உள்ளே வடிதாளில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அந்த வட்டத்துக்குள் காய்ந்துபோன ஒரு சொட்டு பிளாஸ்மிட். கூடவே ஒரு பொருள்மாற்று ஒப்பந்தம். ஆராய்ச்சிக்கு மட்டும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது, விற்கும் பொருளில் பயன்படுத்தக் கூடாது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். அன்று எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள். காப்புரிமை நாட்டு எல்லையில் நின்றுவிடும். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரோடு எங்கும் வரும். இருபது வருடத்தில் காலாவதி ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அதற்குக் கிடையாது. அந்த வடிதாளுக்குள் கட்டுப்பட்ட நெல், எத்தனை நல்ல நெல்லாக வளர்ந்தாலும், செங்குன்றம் அரிசி மண்டிக்கு வரமுடியாது.

தங்க அரிசிக்கும் இதே வினைதான். 2000-ல் கிரைடர், கோவால்ஸ்கி, கிராட்டிகர் மூவரும் கணக்கெடுத்தபோது அந்த ஓர் அரிசிக்குள் 32 நிறுவனங்களுக்குச் சொந்தமான சுமார் 70 காப்புரிமைகளும் விண்ணப்பங்களும் தென்பட்டன. அந்த எண் செய்தித்தாள்களில் பரவியது. அதே அறிக்கையின் இன்னொரு பாதி பரவவில்லை. அதிகபட்சமாக 44 காப்புரிமை அமெரிக்காவில். சில ஏழை நாடுகளில் ஒன்றுகூட இல்லை. பொருள்மாற்று ஒப்பந்தங்களையும் அவர்கள் தனியே பட்டியலிட்டார்கள். பெரிய கம்பெனிகள் உரிமத்தை இலவசமாகக் கொடுத்தன. நம் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் தில்லி, ஹைதராபாத் நிலையங்களும் தங்க அரிசியை நம் ரகங்களில் ஏற்ற முயன்ற குழுவில் இருந்தன. ஆனால் மரபணு மாற்றிய நெல் எதற்கும் இந்தியாவில் இன்றுவரை சாகுபடி அனுமதி இல்லை. இதைக் காப்புரிமையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அக்ரோபாக்டீரியத்தையே விட்டுவிட்டு வேறு பாக்டீரியாவை எடுத்தால் என்ன என்று யோசித்தவர் ரிச்சர்டு ஜெஃபர்சன். செல்லை நீலமாக்கிக் காட்டும் கஸ் மரபணுவை 1987-ல் எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் அள்ளிக் கொடுத்தவர் அவர். ஆஸ்திரேலியாவில் காம்பியா என்ற அமைப்பை நடத்தினார். 2005 பிப்ரவரியில் அவர் குழு ‘நேச்சர்’ இதழில், ரைசோபியம் வகை பாக்டீரியாக்களுக்குள் பிளாஸ்மிட்டை வைத்து நெல்லையும் புகையிலையையும் மாற்றிக்காட்டியது. க்ளைம் ‘அக்ரோபாக்டீரியம்’ என்று சொன்னால், அக்ரோபாக்டீரியம் அல்லாததைக் கொண்டுவந்துவிடு. தொழில்முறையில் நான் தொப்பியைக் கழற்றும் தந்திரம் இது. முறையைப் பகிர்ந்துகொள்ளும் நிபந்தனையோடு திறந்த உரிமமும் கொடுத்தார்கள். ரைசோபியம் நம் ஆட்களுக்கு அந்நியமில்லை. சோழவரம் ஒன்றியத்தில் வேர்க்கடலையும் உளுந்தும் விதைப்பவர்கள் வேளாண் விரிவாக்க மையத்தில் 200 கிராம் பாக்கெட்டாக வாங்கி, ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டுவதும் ஒரு ரைசோபியம்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் அது அக்ரோபாக்டீரியம் அளவுக்கு வேகம் காட்டவில்லை. பெரும்பாலானவர்கள் பழையதையே பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி சுத்தமான கருவி, கை பழகிய கருவியிடம் தோற்றது.

தமிழ்நாட்டில் அந்தப் பழைய கருவியோடு வேலை நடக்காமல் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வேலுதம்பியின் குழு இண்டிகா நெல்லில் இலை உறைக் கருகலைத் தாங்கும் மரபணுக்களை ஏற்றியது. மாறிய செல்லைப் பிரித்தறிய வைத்த அடையாள மரபணுவை வேலை முடிந்த பின் நீக்கும் வழியையும் செய்து காட்டியது. தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா குழு, அவிசென்னியா என்ற அலையாத்தி மரத்தின் மரபணுவைப் பாசுமதி நெல்லில் ஏற்றி, உப்பைத் தாங்குகிறதா என்று பார்த்தது. பழவேற்காட்டுக் காயல் ஓரத்தில் வளர்வதும் இதே அவிசென்னியாதான். உவர் ஏறிய நிலங்கள் பொன்னேரிக் கடற்கரைப் பக்கம் நிறைய. கட்டுரைகள் வந்தன, பட்டங்கள் வந்தன. வயலுக்கு நெல் வரவில்லை.

ஜப்பான் டொபாக்கோவின் அந்த முதல் காப்புரிமைகளின் காலம் இப்போது முடிந்துவிட்டது. யாரும் எங்கும் அந்தச் சமையலைச் செய்யலாம். இந்தக் கட்டத்தில்தான் கிரிஸ்பர் வந்தது. மரபணுவைத் திருத்தும் கத்தரியை நெல்லுக்குள் கொண்டுபோக இன்றும் பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம்தான் வாகனம். 2022 மார்ச்சில் மத்திய அரசு, வெளி மரபணு இல்லாத திருத்தப் பயிர்களுக்குக் கடுமையான விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2025 மே 4-ஆம் தேதி டி.ஆர்.ஆர். தான் 100 (கமலா), பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்று இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியிலிருந்து, மற்றொன்று எம்.டி.யு. 1010-லிருந்து. அறிவிப்பு வந்த கையோடு, கத்தரிக்கு உரிமம் வாங்கியாயிற்றா என்ற கேள்வியும் வந்தது.

இந்த முறை கேள்வி வெறும் மேடைப்பேச்சு இல்லை. 1993-ல் ஜப்பானியர் விண்ணப்பம் இந்தியாவுக்குள் வர வழியில்லை. கிரிஸ்பரின் அடிப்படைக் காப்புரிமைகளில் ஒன்றை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷார்பான்டியே தரப்புக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகமே 2022-ல் வழங்கியிருக்கிறது. செடிக்குக் காப்புரிமை இல்லை என்று 3(ஜே) சொல்கிறது. ஆனால் காப்புரிமை பெற்ற ஒரு முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளுக்கும் உரிமை நீளும் என்று பிரிவு 48 சொல்கிறது. திருத்திய நெல்லின் விதை ‘நேரடியாகக் கிடைத்த பொருள்’தானா, அதன் பேரன் விதையும் அப்படித்தானா? இதற்குத் தீர்ப்பு எதுவும் நான் படித்ததில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் விதைக் கம்பெனிக்காரர்களிடம் முதலில் உரிமம் வாங்குங்கள், பிறகு வாதாடலாம் என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஊர்க் குடியானவர்கள் கேட்டால், பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001-இன் பிரிவு 39-ஐ எடுத்துக் காட்டுவேன்: அறுத்த நெல்லிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைக்கவும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும், பெயர் ஒட்டாமல் விற்கவும் உரிமை உண்டு. காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இரண்டும் மோதினால் எது நிற்கும் என்று அவர்கள் இதுவரை கேட்கவில்லை.